அண்ணிக்கு மூன்று, டீச்சருக்கு ஒன்று

கடைக்குள் நுழைகிறவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவருடைய காதுகளைப் பார்த்துவிடுவார். அடுத்தது மூக்குத்தண்டு. முகம் என்று ஒன்று இருப்பது அவருக்கு மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வரும். "ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கிற ஆளை நான் இன்னும் பாக்கல. கண்ணாடி கோணல்னு சண்டைக்கு வருவாங்க. கண்ணாடி நேராத்தான் இருக்கும், ஆளுதான் கோணல்" என்பார். சொல்லிக்கொண்டே காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாற்றில் காட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, கோணல் ஆளுக்குத் தோதாகக் கண்ணாடியையும் கோணலாக்கி அனுப்பிவிடுவார்.

ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் கடை. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. யாரும் படித்ததில்லை, கண்ணாடி இல்லாமல் வருகிறவர்கள் எப்படிப் படிப்பார்கள்? எல்லோருக்கும் அது அண்ணி கடை.

அந்தப் பெயர் நாத்தனார் உபயம். கணவரின் தங்கையான அவர் இரண்டு தெரு தள்ளி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். காரைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே "அண்ணீ!" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டுத் தெருவே அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது. நாத்தனாரைத் தெரு டீச்சர் என்கிறது. அடுத்தவர் செய்யும் தப்புக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் போட்டே இருபது வருடம் ஓட்டியவர். அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அண்ணிக்கும் டீச்சருக்கும் ஏழாம் பொருத்தம். அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்ற வழக்கு மட்டும் நாலு வருடம் நடந்தது. டீச்சர் "நீங்க" போட்டுக் குத்துவார், அண்ணி "நீ" போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"ஒரு ஆணிய நேரா அடிக்க வராதா அண்ணி உங்களுக்கு?"

"உன் வாய்ல ஒரு வார்த்தை நேரா வருதா? ஆணியப் பத்திப் பேச வந்துட்டே."

அஞ்சல் நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர் இந்தக் கட்டத்தில் செய்தித்தாளை அகலமாக விரித்துக்கொள்வார்.

அண்ணியின் சிறுநீரகம் கெட்டுப்போனது சத்தமில்லாமல் நடந்தது. ரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்தது. மாத்திரை நினைவிருந்தால் உண்டு. கால் வீங்கியபோது நாளெல்லாம் நின்று வேலை செய்வதால் என்று நினைத்துக்கொண்டார். சாப்பாடு இறங்காமல், படியேறினால் மூச்சு வாங்கி, ஒரு வழியாக டாக்டரிடம் போனபோது இரண்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வேலைகூடச் செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மற்ற நாட்களில் கடை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைத்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் அது காலியாகிவிடும். "தாகம்னா என்னன்னு எங்கள மாதிரி ஆளுங்களக் கேளுங்க. கொடியில ஈரத்துணி தொங்கினாக்கூடப் பொறாமையா இருக்கும்" என்று இப்போதும் சொல்வார்.

வேறு சிறுநீரகம் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்றார் டாக்டர். கணவருக்குச் சர்க்கரை, பார்த்தவுடனே வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணியின் சொந்தத் தம்பி, "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றார். ஏழு வருடமாகிறது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அண்ணிக்கு அதில் வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தம்பிக்கு இன்றைக்கும் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் டீச்சர் வந்தார். உள்ளே வரவில்லை. கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கதவருகில் நின்றபடியே சொன்னார்: "ரத்தம் பாத்துட்டேன். பொருந்துதாம். மத்த டெஸ்டுக்கு எப்ப வரணும்னு கேட்டுச் சொல்லுங்க."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "நல்லா யோசிச்சியா?" என்றார் அண்ணன்.

"யோசிக்கிற வேலையத்தான் அண்ணியோட தம்பி எடுத்துக்கிட்டாரே. நமக்கு எதுக்கு?"

அண்ணி வேண்டாம் என்றார். மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தார். பயம் கத்தியைப் பற்றியதல்ல. "கூடப் பொறந்தவன் குடுத்தா வாங்கிக்கலாம். இவகிட்ட வாங்கினா காலம் பூரா தலை குனிஞ்சு நிக்கணும். என்னால முடியாது" என்று கணவரிடம் சொல்லி அழுதார். அந்த வாரமே டயாலிசிஸ் நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பியது. கண் விழித்தபோது கணவரின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் சம்மதித்தார்.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஆயிற்று. இருதயம், நுரையீரல், கண், பல் என்று அண்ணியை அங்கம் அங்கமாகச் சோதித்தார்கள். ஒரு சொத்தைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். "கிட்னிக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். புது உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பார்கள். அப்போது பல்லடியில் ஒளிந்திருக்கும் துளிச் சீழும் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று விளக்கினார்கள். போட வேண்டிய தடுப்பூசிகளையெல்லாம் முன்கூட்டியே போட்டார்கள். டீச்சர் நாலு கிலோ இளைக்க வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் வியர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வரும் வழியில் கடை முன்னால் நின்று, "உங்களால நான் கேக்கு சாப்பிட மறந்தே மூணு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தானம் கொடுப்பவரைத் தனியறையில் உட்கார வைத்து விசாரிப்பது அந்த மருத்துவமனை வழக்கம். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டிருக்கிறார்கள். "என்னைக் கட்டாயப்படுத்துற ஆளு எங்க குடும்பத்துல இனிமேதான் பொறக்கணும்" என்றாராம் டீச்சர்.

ஒரே நாளில் அடுத்தடுத்த அறைகளில் இருவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணிக்கு நினைவு திரும்பியதும் நர்ஸ் கட்டிலோரம் தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினார். நிறைந்திருந்தது. இரண்டு வருடமாகச் சொட்டு சொட்டாகக்கூட வராதது. "மூத்திரத்தப் பாத்து ஆனந்தக் கண்ணீர் விட்ட பொம்பள நானாத்தான் இருப்பேன்" என்று வாடிக்கையாளர்கள் நெளிய நெளியச் சொல்வார். பழைய இரண்டையும் எடுக்காமல் புதியதை அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கணக்குப்படி இப்போது அண்ணிக்கு மூன்று, டீச்சருக்கு ஒன்று.

இது நடந்து ஐந்து வருடமாகிறது. காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை. பிரசவ வலியில் யாராவது கடைக்குள் வந்து விழுந்தாலும் எட்டு மணி மாத்திரைக்குப் பிறகுதான் கவனிப்பார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வதில் மிகை குறைவு. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்குவார். வெட்டி வைத்த பழத்தைக் கடையில் வாங்கமாட்டார். இருமிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததும் முகக்கவசம் ஏறிவிடும். வெயிலில் குடை. தண்ணீர் இப்போது அளவில்லை. பெரிய பாட்டிலைத் தூக்கிக் குடித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார், விருந்து சாப்பிட்டவர் மாதிரி.

மாத்திரையால் முதல் வருடம் கை நடுங்கியது. கண்ணாடித் திருகாணி கடுகைவிடச் சின்னது. நடுங்கும் கைக்கு அது அகப்படுமா? தரையில் தவழ்ந்து தேடியே பாதிப் பொழுது போகும். கடையை மூடிவிடலாம் என்றார் கணவர். அண்ணி மணல் நிரப்பிய சின்னப் பை ஒன்றைத் தைத்து மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்தார், காந்தம் ஏற்றிய திருப்புளி வாங்கினார். பிறகு டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்ததும் நடுக்கம் பெருமளவு நின்றது. திருகாணியைக் கீழே விடாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொள்ள முடியாமல் போனது வேறொன்று: வாங்கிக்கொண்ட பிறகும் பழையபடி இருப்பது. மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து டீச்சரை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். டீச்சர் திரைச்சீலை அழுக்கு என்றால் அன்றைக்கே துவைத்தார். அலமாரியை டீச்சர் சொன்ன சுவருக்கே மாற்றினார். "உக்காருங்க", "சாப்பிடுங்க", "நீங்க சொன்னாச் சரிதாங்க". டீச்சர் வருவது குறைந்தது. காரை வாசலில் நிறுத்திக் குரல் கொடுப்பதும் நின்றது.

போன வருடம் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. லேசாகத்தான். உடனே போனில் சொல்ல வேண்டும் என்பது மருத்துவமனையின் முதல் விதி. அவர் சொல்லவில்லை. கொடுத்ததைக் காப்பாற்றத் துப்பில்லை என்று டீச்சர் நினைத்துவிடுவாரோ என்று மூன்று நாள் காய்ச்சல் மாத்திரையைப் போட்டு மறைத்தார். நாலாம் நாள் குளிரில் பல் கிட்டியது. சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகத்தையே தாக்கியிருந்தது. பத்து நாள் மருந்து ஏற்றினார்கள். பிழைக்குமா என்று மூன்றாம் நாள்வரை டாக்டர் பிடிகொடுக்கவில்லை.

டீச்சர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். பழம் ஒன்றும் கொண்டுவரவில்லை.

"எனக்குப் பயந்தா மறைச்சீங்க?"

அண்ணி போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டார்.

"குடுத்தாச்சு. அது உங்களுது. வெச்சுக்குங்க, கெடுத்துக்குங்க, நான் கேக்கவே மாட்டேன். ஆனா அஞ்சு வருஷம் ஆகப்போகுது, என்கூட ஒரு சண்டை போட்டிருக்கீங்களா? நீங்க, வாங்க, போங்க... யாரு நானு? உங்க மேனேஜரா? எனக்குன்னு சண்டை போட இருந்தது ஒரே ஆளு. கிட்னியக் குடுத்து அதையும் தொலைச்சுட்டு நிக்கிறேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றார் அண்ணி.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிறுநீரகம் பிழைத்தது. ரத்தத்தில் கழிவு அளவு பழையபடி இறங்கியது. இப்போது உடம்பு கொஞ்சம் சுட்டாலும் அண்ணி முதலில் டீச்சருக்குத்தான் போன் செய்கிறார். பேச்சு மட்டும் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. "நீ" என்று துணிந்து ஆரம்பிப்பார், முடிக்கும்போது ஒரு "ங்க" வந்து ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு மத்தியானம் டீச்சர் கடைக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயது, விண்ணப்பப் படிவங்களை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்கும் நிலை. உட்கார்ந்ததிலிருந்தே குறைதான். இந்தப் பிரேம் கிழவி மாதிரி இருக்கிறது, அது கனக்கிறது, இந்த நிலைக்கண்ணாடியில் முகம் நீளமாகத் தெரிகிறது, இவ்வளவு பெரிய விளக்கு யாருக்கு, இப்படிக் கடை வைத்தால் யார் வருவார்கள். அண்ணி ஒன்பதாவது பிரேமை மாட்டிவிட்டு, கண்ணாடியில் கருவிழிக்கு நேராகப் புள்ளி வைப்பதற்குப் பேனாவை எடுத்தார். டீச்சர் தலையைத் திருப்பி ஷோகேஸில் இருந்த தூசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"ஏய், வாய மூடிக்கிட்டு நேரா பாருடி" என்றார் அண்ணி. இடது கையால் நாத்தனாரின் மோவாயை இறுகப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு புள்ளியும் வைத்து முடிக்கும்வரை விடவில்லை.