சபியா அக்கா கேட்ட கூரை

சபியா அக்கா மவுத்தான செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் யாஸ்மின் பேசினாள். "மாமி, அம்மா போயிட்டாங்க. இங்கேயே அடக்கம் பண்றோம்." நம் ஊருக்குக் கொண்டுவர முடியாதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போர்ட் பிளேரில் எத்தனையோ பேருக்கு வீடு வரைந்து கொடுத்தவர் மெயின்லேண்டு மண்ணில் கிடக்கிறார். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கிற நம்மில் யாரும் கடைசியாக முகம் பார்க்கவில்லை.

கான்ட்ராக்டர் ஆபீஸில் பிளான் வரைந்துகொண்டிருந்தவர் அக்கா. வேலையை விட்ட பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு வரைந்தார். நான் மூணாம் வகுப்பு வரைதான் படித்தவள். இங்கே டாலிகஞ்சில் எங்கள் மனையைப் பார்க்க வந்த அன்றைக்கு, குட்வில் எஸ்டேட்டில் என் நாத்தனார் வீடு மாதிரி கான்கிரீட் ஸ்லாப் போட்டு ஏசி வைக்கணும் என்றேன். அக்கா சிரித்தார். "கப்பல்ல டீசல் வந்தாதான் நமக்குக் கரண்டு. கப்பல் லேட்டானா உன் ஏசி சுவத்துல மாட்டின பொட்டிதான். காத்து சும்மா வருது. முதல்ல அது எங்க வருதுன்னு பாரு."

மனையின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். காலையிலும் சாயங்காலமும் துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காலண்டரில் அம்புக்குறி போடச் சொன்னார். "க்யா தீதி, மந்திர் பன் ரஹா ஹை?" என்று பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, கோயில் கட்டுகிறாயா என்று கேலி செய்தாள். ஒரு வருஷம் விடாமல் போட்டேன். அந்தக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் அக்கா ஜன்னல்களுக்கு இடம் குறித்தார். "பிளான் போட்டது நீதான் செல்வி. நான் கோடு மட்டும் இழுத்தேன்" என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கூரைதான் அவருக்கு முக்கியம். மேலே தகர ஷீட், அடியில் மூங்கில் தட்டி, நடுவில் சூடு வெளியே போக ஒரு முழம் சந்து. மழைத்தண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் சரிந்து, சமையலறைக்கு அடியில் கட்டின தொட்டியில் விழ வேண்டும். "குழாய் வராத நாள்லயும் நீ குடத்தோட தெருவுல நிக்கக் கூடாது" என்பார்.

சுவர் எழும்பிய நேரத்தில் வயிற்றில் கட்டி என்று சென்னைக்குப் போனார். "கூரை போடும்போது நான் நிக்கணும். அதுவரைக்கும் பொறு."

நான் பொறுக்கவில்லை. மழை நெருங்கிவிட்டது. மேஸ்திரி ஆட்கள் ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அக்கா சொன்ன கூரை அவர்களுக்குப் புரியவில்லை. "ஸ்லாப் டால் தோ தீதி, டென்ஷன் கதம்" என்றார் மேஸ்திரி, ஸ்லாப் போட்டால் தொல்லை விட்டது என்று. "ஷீட்டு வீட்டுல பொறந்தேன். ஷீட்டு வீட்டுலயே சாகணுமா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் தலையாட்டினேன். ஸ்லாப் போட்டார்கள். சூடு போகச் சுவரின் மேல் விட்டிருந்த சந்துகளையும் சிமெண்டு வைத்து அடைத்தார்கள்.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் அக்கா போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"கூரை எந்தப் பக்கம் சரிச்சே? சந்து விட்டாங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியேதான் அக்கா."

"தொட்டியில தண்ணி விழுதா?"

"விழுது அக்கா."

"அப்ப சரி. வந்ததும் உன் வீட்டுல ஃபேன் போடாம ஒரு தூக்கம் தூங்கணும்."

அதுதான் கடைசிப் பேச்சு. அடக்கம் முடிந்து யாஸ்மின் மறுபடி பேசினாள். "வார்டுல எல்லார்கிட்டயும் உங்க வீட்டைப் பத்தியே சொன்னாங்க மாமி. அம்மா கட்டின கடைசி வீடு. நான் வந்து பாக்கணும்."

வெயில் அடித்தால் மத்தியானம் அந்த வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. மழை பெய்தால் ஸ்லாப்பிலிருந்து தெருவுக்கு ஓடுகிறது. தொட்டி காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் லாரிக்கு நிற்கிறேன். அது என் பாடு. ஆனால் நீங்கள் யாரும் அந்த வீட்டைக் காட்டி சபியா அக்கா வேலை என்று சொல்லாதீர்கள். யாஸ்மினிடம் நானேதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

உங்களிடம் அவரைப் பற்றி நல்லது எத்தனையோ இருக்கும். என்னிடம் இருப்பது, "அப்ப சரி" என்று நிம்மதியாக அவர் விட்ட மூச்சு மட்டும். அதை நான் பொய் சொல்லி வாங்கினேன்.