சங்கிலி எங்கே கட்டியிருந்தது

என் காரின் டாஷ்போர்டில் துருப்பிடித்த சங்கிலித் துண்டு ஒன்று கிடக்கிறது. ஒரு கண்ணியில் ரம்பம் அறுத்த தடம் இன்னும் தெரியும். இதென்ன என்று கேட்பவர்களிடம் பெரியம்மாவின் சொத்து என்பேன். அம்மாவின் அக்காவான அவர், திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அரசாங்க நர்சாக இருந்தார். எண்பதுகளில் விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த நான் சனி ஞாயிறுகளை அவர் வீட்டில்தான் கழித்தேன்.

அந்த ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு ஓடை. மழைக்காலத்தில் வண்டி இறங்க முடியாது. பாலம் கேட்டு ஊர் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன சமயத்தில், மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் மில் வைத்திருந்தவர் தன் லாரிகளுக்காகத் தன் செலவிலேயே ஒரு பாலம் கட்டினார். ஊரும் போகலாம் என்றார். அதிகாரிகளுக்கு வேலை மிச்சம். நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? அந்த வருஷத்து முதல் கல்யாண ஊர்வலம், பாலம் ஏறும் முன் வெற்றிலை பாக்குத் தட்டோடு மில் வாசலுக்குப் போனது. அடுத்த கல்யாணமும் போனது. பிறகு காதுகுத்துக்காரர்கள், புது மாடு வாங்கியவர்கள் எல்லாரும் போனார்கள். மரியாதையாகத் தொடங்கியது கொஞ்ச நாளில் அனுமதி கேட்பதாக ஆகிவிட்டது. பெரியம்மா மட்டும் தட்டு எடுத்துக்கொண்டு போகவே இல்லை. "ஓடை இன்னா அவரு ஊட்டு ஓடையா?" என்பார்.

ஒருநாள் லாரி இடித்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் விழுந்தது. அந்த இடைவெளியில் ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்த பிறகு, பெரியம்மா ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். "நாங்க கட்டலியேம்மா, கட்டனவரப் போயி கேளுங்க" என்றார்கள். மில்காரரிடம் போனார். "என் காசுல கட்டனது. என்னைக் கேள்வி கேக்க நீங்க யாரு?" என்றவர், மறுநாளே பாலத்தின் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார். அவர் லாரி வந்தால் மட்டும் திறக்கும். ஊர்ப் பெரியவர்கள் அவரைச் சமாதானப்படுத்த வெற்றிலை வாங்க ஓடினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலம் வரை வந்தோம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஓடையில் வெள்ளம், பாலத்தில் பூட்டு, மில்காரர் பாண்டிச்சேரியில். "மில்லாண்ட போயி வாட்ச்மேன் கால்ல உழுந்து கேட்டுக்கினு வர்றேன்" என்று அழுதான் அவள் புருஷன்.

"நீ ஒண்ணும் உழ வேணாம். பட்டறையில இரும்பு அறுக்குற ரம்பம் வாங்கிக்கினு ஜல்தி வா" என்றார் பெரியம்மா. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊரே பார்க்க அவரே அறுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே காவல் நிலையத்துக்குப் போனார். லீவு போட்டுவிட்டு நானும் உடன் போனேன். மில்காரர் அங்கே புகாரோடு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அறுத்தேன். சங்கிலி அவருதுதான். கேசு போடுங்க" என்றார் பெரியம்மா. "அது எங்க கட்டியிருந்துச்சுன்னும் சேத்து எழுதிக்கிங்க."

ஏட்டின் பேனா நின்றது. பாலம் உங்களுடையதா என்று மில்காரரைக் கேட்டார். ஆமாம் என்றால், அரசாங்க ஓடையில் யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்ற கேள்வி வரும், விழுந்த சுவரும் அவர் தலையில் விழும். இல்லை என்றால், ஊர்ப் பாலத்தைப் பூட்டியதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுவரை ஒன்றியமே கட்டியது. பெரியம்மாவை அனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். "அங்கயும் புள்ள பெத்துக்கினுதான இருக்காங்க" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினார்.

போன வாரம் ஒரு சுங்கச்சாவடியில் நின்றேன். சற்று முன் தாண்டி வந்த மேம்பாலத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. யாரிடம் சொல்வது என்று கேட்டேன். "தெரியாது மேடம், கம்பெனிய கேளுங்க" என்றார் உள்ளே இருந்த இளைஞர். கம்பெனியில் யாரை என்றேன். "கவர்மெண்ட கேளுங்க மேடம்." தடுப்புக்கட்டை மேலே எழும்பியது. பின்னால் ஹாரன்கள் அலறின. டாஷ்போர்டில் கிடந்த சங்கிலித் துண்டை ஒருமுறை பார்த்தேன்.

"பதில் சொல்றவர வரச்சொல்லுங்க தம்பி" என்று சொல்லி எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.