கண் மூடாத ரேவதியைத் தேடி ஆரணிக்கு

ஆரணிக்கு எப்படிப் போவது, பட்டுச் சேலையை நெசவாளர் வீட்டிலேயே பார்த்து வாங்க முடியுமா என்று போன பதிவின் கீழே நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். போய்விட்டு வந்தேன். ஆனால் சேலை வாங்கப் போகவில்லை. அதனால் இந்தப் பதிவில் என் வழக்கமான அரட்டை குறைவாகத்தான் இருக்கும். வழி, நேரம், கட்டணம் எல்லாவற்றையும் நடுநடுவே சரியாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். லீவு நாள் வந்தால் கால் வீட்டில் நிற்காது, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவேன். அந்த அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வருடம், 2007 ஜனவரியில், ஈழத்தில் குண்டடிபட்ட ஒரு குழந்தையின் படம் பேப்பரில் வந்தது. தலையில் கட்டு, முகம் முழுக்கப் புழுதி. எங்கள் தலைமை ஆசிரியை அதைப் பார்த்து அழுதுவிட்டார். அந்த வாரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் காலைப் பிரேயரில் ஒரு நிமிடம், போரில் தவிக்கிற குழந்தைகளுக்காகக் கண்ணை மூடிக் கும்பிட வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

என் வகுப்பில் ரேவதி என்று ஒருத்தி (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஒன்பது வயது. அம்மா இல்லை, மாமா வீட்டில் வளர்கிற பெண். முதல் வாரமே என்னிடம் வந்து, "டீச்சர், குண்டு போடற ஊர்ப் பசங்களுக்கு மட்டும்தானா? வூட்ல அடி வாங்கறவங்களுக்கும் சேத்துக் கும்புடலாமா?" என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். "எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிடு, போ" என்றேன். இன்னொரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸ்!

போதாக்குறைக்கு, அவள் பிரேயரில் கண்ணை மூடவே மாட்டாள். எல்லாரும் மூடியிருக்க இவள் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பாள். மூன்று வாரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வரிசையை விட்டு வெளியே அனுப்பி, தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் நிற்க வைத்தேன். கடைசிப் பரீட்சை வரைக்கும் திங்கட்கிழமை என்றால் அவளுக்கு அதுதான் இடம்.

மே மாதம் அவள் மாமா வந்து டி.சி. கேட்டார். பட்டுத் தறி நெய்கிறவர், வேலூரில் வேறு வேலை பார்த்துச் சரிப்படாமல் ஆரணி பக்கத்தில் சொந்த ஊரான சேவூருக்கே திரும்பிப் போகிறார்களாம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சுக்குப் பேச்சு "டீச்சர், டீச்சர்" என்றார். நான் டி.சி.யில் "நடத்தை: நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். முகவரியை அவரே சொன்னார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ரேவதியின் தோழி ஜோதி என்னிடம் தானாக வந்து சொன்னாள். "அவளை அவங்க மாமா பெல்ட்டால அடிப்பாரு டீச்சர். அதான் அன்னிக்கு அப்டிக் கேட்டா. நீங்க சிரிச்சீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போக இரண்டு மாதம் ஆனது. ஊர் ஊராகச் சுற்றுகிறவளுக்கு இதற்கு மட்டும் பஸ் கிடைக்கவில்லை பாருங்கள்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ரேவதியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், நன்றாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வேலூரில் காலை 6.20-க்கு பஸ், கண்ணமங்கலம் வழி. ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய், 7.45-க்கு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, பதினான்கு ரூபாய். வடை சுமார். சேவூருக்கு டவுன் பஸ் 8.20-க்கு, இரண்டு ரூபாய், பத்து நிமிடம்.

சேவூரில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தெருவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தெரு முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, அன்றைக்கு அமாவாசை, அதுவும் ஆடி அமாவாசை. அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். சேலை வாங்கப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரேவதி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"அவங்க படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்கீறாங்க. அந்தப் பொண்ணுக்கு வேப்பில கட்டறாங்க. ராத்திரில தூக்கத்துல அலறுதும்மா அது. எதையோ பாத்து பயந்துகினு கீதுன்னு வேண்டுதல்."

"எதைப் பார்த்து?" என்று கேட்டேன்.

அவர் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "டீச்சரா... அப்ப உங்களுக்குத் தெரியாதா? சொவுத்துக்கு இந்தாண்ட எல்லாம் கேக்குதுங்க. அடுத்தவங்க வூட்டு விசயத்துல யாரு பூர்றது? நானும் வெள்ளிக்கு வெள்ளி அதுக்காக ஒரு வெளக்கு வெச்சிகினுதான் கீறேன்."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்ததும் அதேதானே.

திரும்ப ஆரணிக்கு வந்து, 9.50-க்குச் சந்தவாசல் பஸ். நின்றுகொண்டே ஐம்பது நிமிடம், ஆறு ரூபாய். (படவேடு மட்டும் போகிறவர்கள் வேலூரிலிருந்து நேரே சந்தவாசலில் இறங்கிவிடலாம், என்னைப்போல் முக்கோணம் சுற்ற வேண்டாம்.) சந்தவாசலில் ஷேர் ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், பத்து ரூபாய். ஆறு பேர் வண்டியில் பதினோரு பேர். "ஜல்தியா ஏறுங்கம்மா, கூட்டம் சேந்துட்சின்னா பேஜாரு" என்று டிரைவர் என்னைப் பையோடு சேர்த்து உள்ளே திணித்தார். "கொயந்தைக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அம்மா பாத்துக்குவா, வுடுங்க" என்றார்.

11.10-க்குக் கோயில். ஈரத்துணியின் மேல் வேப்பிலை கட்டிக்கொண்டு பெண்களும் குழந்தைகளும் வலம் வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கும் மேல் குழந்தைகளுக்காக வந்தவர்கள். இந்தக் கூட்டத்தில் அவளை எங்கே கண்டுபிடிப்பது என்று மலைத்துப்போய் ஒரு தூணோரம் நின்றேன். உச்சிகால தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின, எல்லாக் கண்களும் மூடின. தேடிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் மூடவில்லை.

எனக்கு எதிர் வரிசையில் இன்னும் இரண்டு கண்கள் திறந்திருந்தன. ரேவதி. இடுப்பிலும் தோளிலும் வேப்பிலை, முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் சிரிக்கவில்லை. முதலில் திரும்பிப் பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடி, உதடு முணுமுணுக்க, உருகிப்போய் நின்றார். கன்னத்தில் கண்ணீர். அது நடிப்பில்லை, நான் நன்றாகவே பார்த்தேன். அவளுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவரே ஓடி வந்தார். "டீச்சர்! கும்புடறேன் டீச்சர். நீங்களும் வந்துகீறீங்களா? இவளுக்காகத்தான் வந்தோம். ராத்திரி ஆனா அலறுது. நாங்க வேண்டாத தெய்வம் இல்ல." அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். பிள்ளைக்கு வளையல் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ரேவதியைக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தலையாட்டினார்.

வளையல்காரர் அவள் கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தது. வேப்பிலையை விலக்கிப் பார்த்தேன். தோளிலிருந்து முதுகு வரை பழசும் புதுசுமாகத் தடிப்புகள். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. டீச்சர் புத்தி, இதைத்தான் கேட்டேன். "பிரேயர்ல ஏம்மா நீ கண்ணையே மூட மாட்டே?"

"மூடிகினா எந்தப் பக்கத்துலேர்ந்து அடி வருதுன்னு தெரியாது டீச்சர்."

நான் விலக்கிய வேப்பிலையைத் திரும்ப அவள் தோளில் இழுத்துவிட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இன்னும் சொன்னாள். "நீங்க தொட்டி கிட்ட நிக்க வெப்பீங்களே, அது நல்லா இருக்கும். சொவுத்துல சாஞ்சிகினு நிக்கலாம். பின்னாடி யாரும் வர முடியாது."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சின்ன அளவில் சிவப்பு வளையல் ஆறு, எட்டு ரூபாய். இடது கையில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே போலீஸுக்குப் போயிருக்க வேண்டும். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் ஸ்கூல் என்று சந்தவாசலில் 3.15 பஸ்ஸைப் பிடித்து, பதினோரு ரூபாய் டிக்கெட்டில் வேலூர் வந்து சேர்ந்தேன். அவள் சொல்லாதே என்றாளே என்று அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமைதான் தலைமை ஆசிரியையிடம் வாய் திறந்தேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே அன்றைக்கே அதிகாரிகளுக்குப் போன் செய்து, எழுத்திலும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சேவூருக்குப் போனார்கள். வீடு காலி.

அடுத்த ஞாயிறு நானே மறுபடி போனேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார். "செவ்வாக்கெழம காலைலயே மூட்ட கட்டிகினு கெளம்பிட்டாங்க. டீச்சர் தேடிகினு வந்தத கேட்டு பயந்துட்டாரு போல. தர்மாவரம் பக்கம் தறி வேல கீதுன்னு பேசிகினு இருந்தாங்க." புகார் இருக்கிறது, தேடுகிறார்கள். இன்று வரை தகவல் இல்லை. தர்மாவரம் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே நெசவாளர் குடும்பங்களை உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். வலது முழங்கைக்கு மேலே வீக்கம், இடது கையில் சிவப்பு வளையல். வளையல் இந்நேரம் உடைந்திருக்கும்.

ஆரணிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அமாவாசையைத் தவிருங்கள். சேவூருக்கு டவுன் பஸ் போதும், ஆட்டோ வேண்டாம். ஆடியில் படவேடு போனால் கையில் தண்ணீர் வைத்திருங்கள். கோயிலில் கும்பிடுங்கள், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு குழந்தை உங்களிடம் வந்து யாருக்காகக் கும்பிடலாம் என்று கேட்டால், முதலில் அதன் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தூக்கிப் பாருங்கள். சாமி காத்திருக்கும்.

எங்கள் பள்ளியில் அந்த ஒரு நிமிடம் இன்னும் நடக்கிறது. இப்போது நான் கண்ணை மூடுவதில்லை. இன்று திங்கட்கிழமை. என் வகுப்பில் நாற்பத்தொரு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மூடவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொண்டாள், ஆனால் இமை துடித்துக்கொண்டே இருந்தது.

அவள் வீடு பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர். பஸ் வேண்டாம், நடந்தால் ஏழு நிமிடம், செலவு ஒன்றுமில்லை. தலைமை ஆசிரியை வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் கிளம்புகிறோம்.