தரையில் போட்ட மெத்தை

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். அறைக்கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை மகளின் கால்விரல்கள். பத்தும் மெத்தையின் ஓரத்தோடு ஒரே கோட்டில் இருந்தன. மெத்தை தரையில்தான் கிடந்தது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அவள் இறங்கவில்லை. பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் பயணியைப் போல நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அழவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. என்னைப் பார்த்ததும், "சூசூ" என்றாள்.

தூக்கிக்கொண்டு போய், குளியலறையில் வாத்து முகம் வைத்த சின்ன பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். சற்று நேரம் கழித்துத் திறந்தபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் ஒரு நாளிதழில் இரவுப் பணி செய்கிறேன். மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது பால் வண்டி வந்துவிடும். மனைவிக்கு செகந்திராபாத்தில் அலுவலக வேலை. எடுக்க முடிந்த விடுப்பையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் அவள் வேலைக்குத் திரும்பவில்லை என்றால், பிறகு திரும்ப வேலை இருக்காது. அவள் போகும் வழியில் மாரெட்பள்ளியில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. கேட்கப் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"டயப்பர் நக்கோ சார், போடக் கூடாது. தொட்டிலு கிட்டிலு எதுவும் இல்ல, எல்லாருக்கும் பாய்தான். சாப்பாடு ஆனதும் படுக்கணும்."

"படுத்து அழுதா?" என்று மனைவி கேட்டாள்.

"அழுதா அழட்டும்மா, அது பரவால்ல. முழிச்சிக்கினு உக்காரக் கூடாது. ஒண்ணு உக்காந்தா மத்ததும் உக்காரும். அப்புறம் இத நடத்துற மேடம் பிள்ளைய எடுக்க மாட்டாங்க."

ஆக, டயப்பரும் கம்பி வைத்த கட்டிலும் ஒரே வாரத்தில் போயாக வேண்டியிருந்தது. கட்டிலை நான்தான் கழற்றினேன். மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியையும் வாங்கி டப்பாவில் போட்டாள். உற்சாகமாகத்தான் இருந்தாள். கம்பிப் பலகைகளை பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி முடித்ததும், "நா மஞ்சம் ஏதி?" என்று கேட்டாள். நாங்கள் தமிழில் பேசுவோம். கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். என் கட்டில் எங்கே என்கிறாள். மெத்தையைக் காட்டினேன். அதையும் பார்த்தாள், பீரோவையும் பார்த்தாள்.

கட்டிலில் இருந்தவரை படுத்ததும் தூங்கிவிடும் பிள்ளை. மெத்தைக்கு வந்தபின் பகல் தூக்கம் போயிற்று, இரவுத் தூக்கமும் கலைந்துபோயிற்று. ஆனால் சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கினாள். ஸ்கூட்டரில் என் முதுகுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் தூங்கினாள். மெத்தையில் மட்டும்தான் விழித்திருந்தாள். சூசூ என்று அவள் சொல்வதில் பாதி உண்மை, பாதி இல்லை. எங்கள் தொழிலில் ஒரு செய்தியை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வோம். இங்கே தகவல் தருபவர் ஒருவர்தான். அவருக்கும் வயது மூன்று ஆகவில்லை.

மனைவி ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "தட்டிக்கொடுக்கறப்போ நீங்க உஷ்ஷுங்கறீங்க. பாத்ரூம்லயும் அதே சத்தம்தானே போடறோம்? வராம என்ன பண்ணும்?"

சரி என்று வாயை மூடிக்கொண்டு தட்டினேன். மாற்றம் இல்லை. ஜன்னலில் திரை போட்டோம். கடைவாய்ப் பல் வருகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன், கடித்தாள். திரையை எடுத்துவிட்டோம். காப்பகத்தில் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே மனைவி ஒரு மாலையில் சொன்னாள்: "வேலைய விட்டுட்டேன்னு எங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கறேன்."

வீட்டில் தூங்கவைக்கும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மதியம் என்னுடையது, இரவு அவளுடையது. என் வார விடுமுறை நாளில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "சூசூ வந்தா உடனே எழுந்து ஓடிப் போயிடணும். யாரையும் கூப்பிட வேண்டாம். நீ பெரிய பொண்ணு இல்ல?"

ஒவ்வொரு மதியமும் நான் சொல்லிவந்தது வேறு. முதல் நாளே மகள் எழுந்துபோய் பால்கனிக் கதவைத் திறக்கப் பார்த்தாள். அன்றிலிருந்து, "அப்பா வர்ற வரைக்கும் மெத்தைய விட்டு இறங்கக் கூடாது" என்றுதான் சொல்லிப் படுக்கவைத்தேன்.

மனைவி வெளியே வந்ததும் கேட்டேன். "நீ ஓடச் சொல்றியா?"

"பின்ன? உங்களுக்காகக் காத்திருந்தா மெத்தைதான் நனையும்."

"நான் இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"ஊர்ல நடக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உள் ரூம்ல நடக்கறது மட்டும் தெரியாது."

"உனக்கும்தான் தெரியல."

"நான் பேப்பர்ல வேலை பார்க்கலையே."

அலுவலகத்தில் இரண்டு உத்தரவு வந்தால் கடைசியாக வந்ததைச் செய்துவிட்டுப் போவோம். மகள் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தாள் போலிருக்கிறது: வந்ததும் எழுந்தாள், இறங்காமல் நின்றாள். வருகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகவே விழித்துக் கிடந்தாளோ என்னவோ. இது என் ஊகம். அவளைக் கேட்டால், "ஆ" என்றாள், ஆமாம் என்பதற்கு. எதைக் கேட்டாலும் அந்த வாரம் அவள் "ஆ" என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் இருவருமாக உட்கார்ந்து ஒரே உத்தரவாகச் சொன்னோம். இறங்கலாம், போகலாம், திரும்பி வந்து படுக்கலாம். நானே மெத்தையில் படுத்து எழுந்து, இறங்கி, வாத்து வரை நடந்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி செய்யச் சொன்னாள். பிறகு அவளும் செய்தாள், தவறே இல்லாமல். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மதியமும் ஓரத்தில்தான் நின்றாள். அதற்கடுத்த மதியமும். எங்கள் நாளிதழில் முதல் பக்கத்துத் தவறுக்கு மறுநாள் உள்பக்கத்தில் திருத்தம் போடுவோம். தவறைப் படித்தவர்கள் எத்தனை பேர் திருத்தத்தைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதுவும் அப்படித்தானா, அல்லது நான் கண்டுபிடித்த காரணமே காரணம் இல்லையா? மனைவியிடம் கேட்டேன். "விடுங்க, என்னைத் தூங்க விடுங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

காப்பகத்தில் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். காலையில் விட்டுவிட்டு, மதியம் இருவரும் எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்தோம். மனைவி ஒரு டீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் ஆயா வாசலுக்கு வந்து கையை ஆட்டினார்.

"தூங்குச்சும்மா! படுத்துச்சு, கண்ண மூடுச்சு, அவ்வளவுதான். இந்தப் பிள்ளையா தூங்காதுன்னு சொன்னீங்க?"

"எழுந்து நிக்கலையா?" என்றேன்.

"கைக்கு? எதுக்கு நிக்கணும்?"

மனைவி டீயைக் கீழே வைத்தாள். "நனைச்சாளா?"

ஆயா தலையைச் சொறிந்தார். உள்ளே போய்ப் பார்த்தோம். தரை முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிப் போட்ட பாய்கள். எங்கே ஒன்று முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கள் மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குண்டுப் பையன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் ஈரம். அவள் பாவாடையும் ஈரம், அவன் கால்சட்டையும் ஈரம்.

"இது யாரு பண்ணது?" என்றார் காப்பகத்தை நடத்தும் அம்மாள், ஆயாவைப் பார்த்து.

"எப்படி மேடம் சொல்றது? ரெண்டும் நல்லாத் தூங்குச்சு. உருண்டு உருண்டு தூங்குச்சு."

மகளைக் கேட்டேன். "நீயா?"

"ஆ" என்றாள்.

"அவனா?"

"ஆ."

மனைவி அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஈரத்தை ஒரு முறை, பையனை ஒரு முறை, எங்களை ஒரு முறை பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். மாற்றுத் துணி மூன்று செட் கொண்டுவர வேண்டும்.