அற்புதராணி அக்கா காதை மூடிய வெள்ளிக்கிழமை

"சிஸ்டர்" என்று யாராவது கூப்பிட்டால் போதும், அற்புதராணி அக்கா தூக்கத்திலும் எழுந்து நின்றுவிடுவார். நான் கதை கட்டவில்லை. ஷார்ஜா முவைலாவில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பிளாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்த காலத்தில், டிவி சீரியலில் ஒருத்தி "சிஸ்டர், சிஸ்டர்" என்று அலற, அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்து "எந்த பெட்?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் நாங்கள் இருவரும் நர்ஸ். அக்கா குமரிக் கடற்கரை, நான் லிண்டா, தூத்துக்குடி. வேலையில் அவர் புலி, பேச்சில் பூனை. நான் எப்படி என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் கம்பெனிகளுக்கு இடையே பெண்களுக்கான பிஸ்டல் சுடும் போட்டி ஒன்று அறிவித்தார்கள். ஆஸ்பத்திரி சார்பில் நாலு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது, அதில் நானும் ஒருத்தி. நாலாவது இடத்துக்கு ரிசப்ஷன் சம்யுக்தா பெயர் கொடுத்தாள். அதோடு, யாரும் எதிர்பாராமல், அற்புதராணி அக்காவும் கொடுத்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கிறிஸ்துமஸ் லீவைக்கூடக் கைக்குழந்தைக்காரிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு டூட்டிக்கு வந்து நிற்பார்.

"இது எனக்கு வேணும் பிள்ளே," என்றார். "வீடு, வார்டு, ஊர்னு எல்லாருக்கும் ஓடியாச்சு. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்."

துப்பாக்கி சுடும் கிளப்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த முகம்மது சித்தீக் காசர்கோட்டுக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், யாருக்கும் சலுகை கிடையாது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அக்காவுக்குச் சோதனை, ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் இடம் அவருக்கு, ஒன்று வெளியே போனாலும் சம்யுக்தாவுக்கு என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஞானையா அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். செய்தி கேட்டதும் மனைவியைப் போருக்கு அனுப்புவதாகவே முடிவு செய்துவிட்டார். பர் துபாய்க்கும் அல் கூஸுக்கும் கடை கடையாக அலைந்து பாலைவன பூட்ஸ், தடித்த கையுறை, கறுப்புக் கண்ணாடி, சுற்றிலும் பை தொங்கும் இடுப்புப் பெல்ட் எல்லாம் வாங்கிவந்தார். அக்கா அந்தப் பைகளில் என்ன வைத்தார் தெரியுமா? பஞ்சு, பிளாஸ்டர், கத்தரிக்கோல், ஓஆர்எஸ் பாக்கெட். முதல் நாள் அந்தக் கோலத்தில் வந்து நின்றவரைப் பார்த்து சித்தீக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேச்சி, யுத்தத்துக்கா போறீங்க? எல்லாத்தையும் கழட்டுங்க!"

கையுறை இருந்தால் விசையில் விரல் படுவது தெரியாது. பெல்ட் கனத்தால் இடுப்பு ஒருபக்கம் சாயும். கறுப்புக் கண்ணாடியில் குறி மங்கும், தெளிந்த கண்ணாடிதான் சரி. பூட்ஸின் குதிகால் உயரம், பாதம் தரையில் ஒட்டாது. கடைசியில் எதைப் போடச் சொன்னார் என்றால், அக்கா தினமும் டூட்டிக்குப் போடும் அந்தத் தட்டையான பழைய ஷூவை! ஞானையா அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

ஒன்றை மட்டும் கழற்றக் கூடாது. அது காது மூடி. அதில்தான் வந்தது வினை.

பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றும் கை அது, ஒரு நாளும் நடுங்கியதில்லை. காது மூடியை மாட்டியதும் வெடவெடவென்று ஆடியது. குண்டு எங்கெங்கோ போனது. இரண்டு தடவை பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு ஒரு பக்கக் காது மூடியை மட்டும் தூக்கினார். சித்தீக்குக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் சுடும்போது காதைத் திறந்தால் செவிடாகிவிடும், இனி ஒரு தடவை தூக்கினால் கலாஸ், அதோடு முடிந்தது என்றார்.

காரில் வரும்போது அக்கா மெல்லச் சொன்னார். "காத மூடினா மூச்சு முட்டுது பிள்ளே. யாரோ கூப்பிடுகாவ, எனக்குக் கேக்கல்லன்னே தோணுது."

எனக்குப் புரிந்தது. ஐசியுவில் வேலை பார்த்தவளுக்கு மெஷின் சத்தம் நிம்மதி, நிசப்தம்தான் பயம்.

உடனே ஞானையா அண்ணன் அடுத்த சாமானோடு வந்தார். வெடிச்சத்தத்தை அடக்கி, பேச்சை மட்டும் உள்ளே விடும் பேட்டரி காது மூடி. நல்ல சாமான்தான், குறை சொல்ல முடியாது. அதை மாட்டிக்கொண்டு அக்கா குறிபார்த்தார். சுடும் வரிசையின் கடைசி மேடையில் யாரோ ஒரு அரபிப் பெண் இருமினாள். அக்கா பிஸ்டலை வைத்துவிட்டு நேராக அவளிடம் போய், "எத்தனை நாளா இருமல்? சளி இருக்கா?" என்று விசாரித்தார். சித்தீக் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுபடி பழைய காது மூடியே கதியானது.

சோதனை நாள் வந்தது. இங்கே ஞாயிற்றுக்குப் பதில் வெள்ளிக்கிழமைதானே சர்ச் பூசை, அது முடிந்து ஞானையா அண்ணனோடு கோயிலிலிருந்து நேராகக் கிளப்புக்குப் போனோம்; சம்யுக்தா முன்னாலேயே வந்திருந்தாள். வாசலிலேயே அக்கா நின்றுவிட்டார்.

"சம்யுக்தா சுடட்டும். நான் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதே ஒன்று, அதையும் விட்டுக்கொடுத்தால் எப்படி?

"அக்கா, டூட்டியில சாப்பிடப் போகணும்னா என்ன செய்வீங்க?"

"உன்கிட்ட ஹேண்டோவர் குடுத்து, என் பேஷன்ட்ட எல்லாம் ஒப்படைச்சிட்டுப் போவேன்."

"அப்ப இப்பவும் குடுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். நான் வாங்கிக்கிடுதேன்."

அக்கா முதுகை நிமிர்த்தி, வார்டில் பேசும் அதே குரலில் தொடங்கினார்.

"ஒண்ணாம் பெட், ஞானையா. பிரஷர் உண்டு. வெயில்ல நின்னுட்டு வந்திருக்காவ, தண்ணி குடிக்கச் சொல்லணும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் ஞானையா அண்ணன்.

"பேஷன்ட் பேசப்பிடாது," என்றேன்.

"ரெண்டாம் பெட், என் போன். ஊர்ல இருந்து மக கூப்பிட்டா எடுக்கணும், அவளுக்குப் பரீட்சை. மூணாம் பெட்..." அக்கா நிறுத்தினார். "நம்ம வார்டு. அங்க டூட்டியில ஆள் இருக்கு. இருந்தாலும் சொன்னேன்."

வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னேன். போனை வாங்கிக்கொண்டேன். "வாங்கியாச்சு அக்கா. போயிட்டு வாங்க."

அவர் தோள் இறங்கியது. காது மூடியை மாட்டிக்கொண்டு, டூட்டி ஷூவைத் தரையில் பதித்து நின்றார். கை ஆடவில்லை. முதல் குண்டு வட்டத்தின் ஓரத்தை ஒட்டி உள்ளே. இரண்டாவது இன்னும் உள்ளே. மூன்றும் நாலும் பக்கத்தில் பக்கத்தில். ஐந்தாவதுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஞானையா அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திறந்தேன்.

ஐந்தும் கறுப்புக்குள்!

"அற்புதம்!" என்று அண்ணன் கத்தினார். சித்தீக் கைதட்டினார். இடத்தை இழந்த சம்யுக்தாவே துள்ளிக் குதித்து "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கூவினாள். நானும் சேர்ந்து கத்தினேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, காது மூடியைக் கழற்றாமலே, தூரத்தில் இருந்த அந்த அட்டையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் தொண்டை கிழியக் கூப்பிட்டோம். அவர் திரும்பவே இல்லை.