இரண்டு பீமுக்கும் ஒரே எண்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். போகிற ஊரில் கிடைக்கிற வேலையைச் செய்வேன். ஒரு மழைக்காலத்தில் கொல்லிமலை அடிவாரத் தகரக் கொட்டகை ஒன்றில், கண்ணாடி இழைத் துணியில் பிசின் தடவி அடுக்கி, மலைமேல் குண்டூர் நாட்டு ஓடை ஒன்றின் நடைபாலத்தைத் தாங்க இரண்டு பீம் செய்தோம்.

முதல் பீம் நல்ல வெயிலில் காய்ந்தது. இரண்டாவதைச் செய்தபோது அடைமழை. பிசின் சரியாக இறுகவில்லை. நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது. பொறியாளர் முதல் பீமிலிருந்து மட்டும் ஒரு துண்டை வெட்டிச் சோதித்தார். வளையாமல் நிற்கும் அதன் விறைப்புக்குக் கிடைத்த எண்ணையே இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் போட்டு, பாலம் எப்படி அதிரும் என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரே துணி, ஒரே பிசின், எண் மட்டும் எப்படி மாறும் என்றார். இரண்டாவதில் நகத்தடம் விழுவதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. வேலை நின்றால் சோறு நின்றுவிடும்.

ஓடைமேல் பாலத்தைப் பொருத்தி, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். பெரிதாக வளையவில்லை. மணல் மூட்டை நடக்காது என்பது அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கரையில் மரவள்ளி போட்டிருந்த பெண், பாலத்தை நம்பி மொத்தக் கிழங்கையும் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். இக்கரையில் லாரி நின்றது. ஓடையில் இறங்க முடியாத வெள்ளம்.

மலையில் சுமைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கக் காலை எடுத்து வைத்துத்தான் நடப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டையோடு மூட்டை இடிக்கும். அப்படியே கிழங்கு மூட்டைகளோடு வரிசையாகப் பாலத்தில் ஏறினார்கள். நடுவில் வந்ததும் பாலம் அவர்கள் காலுக்கு ஏற்பத் துள்ளியது. மழையில் செய்த பீம் பக்கம் கூடுதலாக இறங்க, ஒருபுறமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

“ஏனுங்க, இது பாலமா, தூளிங்களா?” என்று முன்னால் போனவர் கத்தினார்.

“கணக்குப்படி ஆடக் கூடாதுங்க,” என்றார் பொறியாளர்.

“அப்ப நாங்கதான் ஆடறமா சாமி? உங்க கணக்கு மேல ஒரு மூட்டைய ஏத்தி நடக்க உடுங்க, பாக்கலாம்,” என்றார் கிழங்குக்காரப் பெண்.

எல்லாரும் ஒன்றுபோல இல்லாமல் ஆளுக்கொரு விதமாகக் கால் வைக்கச் சொன்னார் பொறியாளர். நாலடி போவதற்குள் எல்லாக் கால்களும் பழையபடி சேர்ந்துகொண்டன. ஒரு மூட்டை வெள்ளத்தில் போனது. அதன்பிறகு ஒருவர் இறங்கிய பிறகே அடுத்தவர் ஏறினார். பொழுது சாய்ந்தபோது பாதிக் கிழங்குதான் வந்திருந்தது. லாரிக்காரர் அதோடு கிளம்பிவிட்டார்.

விற்க வழியில்லாத மீதியை அந்தப் பெண் பிடுங்கிய குழிகளிலேயே தள்ளி மண் மூடினார். பொறியாளர் பாலத்தின் முகப்பில் ‘ஒருவர் மட்டும் செல்லவும்’ என்று பலகை வைத்துவிட்டுப் போனார்.