கிளாரா அக்கா படித்த கிரேக்கம்

வியாழக்கிழமை மதியம் கிளாரா அக்காவின் மகளுடைய குரல்பதிவு வந்தது. "ஜெசீமா அக்கா, அம்மா விடிய மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் அடக்கம். வாங்கோ." கரையோர ஊரான அரிப்பில் அடக்கத்துக்குக் கூடியிருந்த பலருக்கும் அவரைத் தாதியாகத்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் அவரோடு படித்த உங்களுக்கு அவர் வேறு ஒருவர். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலையில் ஓய்வுபெற்ற பிறகுதான் கிளாரா அக்கா இறையியல் படிக்க வந்தார். நான் சமயக் கற்கைக்கு வந்த, முசலிப் பகுதி முஸ்லிம் பெண். கிரேக்க வகுப்பில் ஆறே பேர். மன்னார்க்காரர் இருவரும் ஒரே வாங்கில் அருகருகே இருந்தோம். முதலாண்டுப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. இன்னொரு முறை தவறினால் படிப்பையே விட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேற பாடத்துக்கு மாறுங்கோவன் அக்கா" என்றேன்.

"ஊசி போடப் பழகேக்க எத்தினை பேரின்ர கையைக் குத்தி வீங்க வச்சனான் தெரியுமே? அப்ப விடேல்ல. இப்ப விடுவனே?"

அந்த விடுமுறை முழுவதும் அவர் வீட்டுக் குசினியில் அடுப்படிச் சுவரில் கிரேக்க வினைச்சொற்கள் ஒட்டியிருந்தன.

இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வு. திறந்திருந்த கதவுக்கு வெளியே நான் நின்றேன். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைக் கொடுத்தார்கள். இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையோடு வரும் சீடர்களிடம், விடியலில் கரையில் நிற்கும் இயேசு கேட்கும் கேள்வி. அக்கா கிரேக்கத்தில் மெதுவாக வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "பிள்ளையள், கறிக்கு ஏதும் பட்டதோ?"

உள்ளே சிரிப்பு. "உணவு எண்டு சொன்னால் போதும்" என்றார் விரிவுரையாளர்.

"இல்லை சேர். அந்தச் சொல் சோறில்லை, சோத்தோட சேர்த்துத் தின்னுறது. எங்கட கரையில வள்ளம் வந்தால் இப்பிடித்தான் கேப்பினம்."

அகராதியின் தாள்கள் புரளும் ஓசை கேட்டது. "ஓம், சரிதான்" என்றார் விரிவுரையாளர். வெளியே வந்த அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வா பிள்ளை, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். சித்தியடைந்தார்.

பட்டம் பெற்று ஊர் திரும்பியதும், "இந்த வயசில கிரேக்கத்த வச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டவர்களுக்கு, "வாசிக்கப் போறன்" என்பார். அப்படியே செய்தார். காலையில் உலை வைத்துவிட்டு ஒரு பக்கம். அதற்குமேல் எந்த ஆசையும் அவரிடம் நான் கண்டதில்லை.

சென்ற மாதம் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், முகத்தில் தெளிவு இருந்தது. கிரேக்க நற்செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்தினேன். சிரித்தார். "பிழையாச் சொன்னாலும் ஆண்டவருக்கு விளங்கும், ஜெசீமா."

சிறுவயது முதலே அரபில் குர்ஆன் ஓதும்போது எனக்கு நாக்கு இடறும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம். அடக்கம் முடிந்து வீடு திரும்பி, வாய்விட்டு ஓதினேன். இரண்டு இடத்தில் இடறியது. நிறுத்தவில்லை.